முதல் இசைத்தொகுப்பு யாருக்குச் சொந்தம்?

கடந்த மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இளங்கலைப் பொருளியல் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர். இன்று பகலில் மென்பொருள் நிறுவனத்தில் பணி. இரவிலும் வார இறுதியிலும் கிட்டார். நண்பர்கள் ஐவர் சேர்ந்து நாட்டார் பாடலையும் ராக், ப்ளூஸ் இசைகளையும் கலந்து தமிழில் பாடும் ஓர் இசைக்குழுவை நடத்துகிறார்கள். எட்டுப் பாடல்கள் கொண்ட முதல் இசைத்தொகுப்பு வெளியீட்டுக்குத் தயாராக இருந்தது. ஒரு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

எனக்கு இசை இலக்கணம் தெரியாது. கணக்கு தெரியும் என்பதால்தான் என்னிடம் வந்திருக்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை, ஒலிக்கலவை, அட்டைப்பட ஓவியம் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் ரூபாய் செலவாகியிருந்தது. ஐவரில் ஒருவர் அதற்காக ஏலச்சீட்டைப் பெருந்தொகை தள்ளி எடுத்திருக்கிறார். நிறுவனம் தர முன்வந்ததோ இரண்டரை லட்சம், ஒரே தவணையில். அதற்கு ஈடாக எட்டுப் பாடல்களின் உரிமையும் அவற்றின் ஒலிப்பதிவு உரிமையும் உலகம் முழுவதற்கும் எக்காலத்துக்கும் நிறுவனத்தைச் சேரும். இளைஞர்களின் வாதமும் எளிதானதே: "ஒன்றரை லட்சம் நட்டம். ஆனால், நம் பாட்டு நாலு பேர் காதில் விழும்."

அந்த ஒப்பந்தத்தை நான் இருமுறை படித்தேன். அதன்பின் அவருக்குச் சொன்னவற்றில் பொதுவாசகருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பாட்டு, இரு சொத்துகள்

ஒரு பாடலைக் கேட்கும்போது நம் காதுக்குப் புலப்படுவது ஒன்றுதான். சட்டத்தின் பார்வையில் அங்கே இருப்பவை இரண்டு வகைச் சொத்துகள். முதலாவது, பாட்டு, அதாவது அதன் சொற்களும் மெட்டும். இவை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியவை. அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு அவ்வுரிமை நீடிக்கும். இரண்டாவது, அந்தப் பாட்டைக் குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட சிலர் பாடி வாசித்த ஒலிப்பதிவு. இது தயாரிப்பாளருக்கு உரியது; வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிப்பது.

யார் தயாரிப்பாளர்? ஒலிப்பதிவை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவர் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். திரைப்பாடலில் அந்த இடத்தில் இருப்பவர் படத் தயாரிப்பாளர். அவர் பாடல்களை ஓர் இசை நிறுவனத்துக்கு விற்றுவிடுவார். சீட்டுப் பணத்தில் பதிவு செய்த என் மாணவரின் குழுவிலோ, தயாரிப்பாளர்கள் அந்த ஐவரேதான். 'சுயாதீன இசை' என்ற சொல்லுக்கு ஊடகங்களில் பலவாறு விளக்கம் சொல்கிறார்கள். திரைப்படம் சாராதது என்பார்கள், புதுமையானது என்பார்கள். பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் நான் கொள்ளும் பொருள் ஒன்றே: பதிவு யாருக்குச் சொந்தமோ அவர்தான் சுயாதீனர்.

2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு பாதுகாப்பைத் தந்தது. பாட்டின் உரிமையை விற்றுவிட்டாலும், அதன் பயன்பாட்டால் கிடைக்கும் உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை அவர்களிடமிருந்து ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. உரிமை மாற்றத்துக்கான கால அளவு ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படாவிட்டால், அது ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். எனவேதான் ஒப்பந்தங்கள் 'எக்காலத்துக்கும்' என்று மறக்காமல் எழுதுகின்றன. ஆனால், பாடலாசிரியருக்கான அந்தச் சமபங்குப் பாதுகாப்பு, ஒலிப்பதிவை விற்ற தயாரிப்பாளருக்குக் கிடையாது. விற்றால் விற்றதுதான்.

ஆயிரம் முறை கேட்டால்தான் கணக்கு

அடுத்த கேள்வி, அந்தப் பதிவால் என்ன வருமானம் வரும் என்பது. இங்கே இளைஞர்களின் நம்பிக்கையைச் சற்றுக் குறைக்க வேண்டியிருந்தது.

இசைப்பதிவு என்பது மாறாச் செலவு முழுவதையும் தொடக்கத்திலேயே விழுங்கிவிடும் பண்டம். முதல் படியை உருவாக்க நான்கு லட்சம். இரண்டாவது படிக்கும் இருபதாயிரமாவது படிக்கும் இணையத்தில் ஏறக்குறைய எதுவுமில்லை. இறுதிநிலைச் செலவு பூஜ்யத்தை நெருங்கும் பண்டத்தின் விலையும் போட்டிச் சந்தையில் பூஜ்யத்தை நோக்கியே சரியும் என்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். இசைச் செயலிகள் நடைமுறையில் இதைத்தான் காட்டுகின்றன.

அவற்றின் கணக்கு முறையை நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். நான் சந்தா கட்டிவிட்டு மாதம் முழுவதும் என் மாணவரின் பாடல்களை மட்டுமே கேட்டாலும், என் சந்தாவில் உரிமத்தொகைக்கான பங்கு அப்படியே அவருக்குப் போய்விடாது. எல்லோருடைய பணமும் ஒரே தொட்டியில் விழும். அந்த மாதம் கேட்கப்பட்ட மொத்த எண்ணிக்கையில் ஒவ்வொரு பாடலுக்கும் என்ன பங்கோ, அந்த விகிதத்தில் தொட்டியிலிருந்து எடுத்துத் தரப்படும். கோடிக்கணக்கான முறை ஒலிக்கும் திரைப்பாடலோடு ஒரே தொட்டியில் புதிய குழுவின் பாடலும் நிற்க வேண்டும். ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல் இன்னொரு விதியையும் சேர்த்திருக்கிறது. முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்குப் பதிவுக்கான உரிமத்தொகை இல்லை.

ஆல்ஃபிரட் மார்ஷல் தம் 'பொருளியல் கோட்பாடுகள்' நூலில் திருமதி பில்லிங்டன் என்ற பாடகியைக் குறிப்பிடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே பருவத்தில் அவர் 10,000 பவுண்டு ஈட்டியதாகச் சொல்வார்கள். மனிதக் குரல் எட்டும் தொலைவுக்கு ஓர் எல்லை இருக்கும்வரை அதை இன்னொரு பாடகர் மிஞ்சுவது அரிது என்று மார்ஷல் கருதினார். இசைத்தட்டு அந்த எல்லையை உடைத்தது. உடைந்தபின் என்னவாகும் என்பதை ஷெர்வின் ரோசன் 1981-இல் 'உச்ச நட்சத்திரங்களின் பொருளியல்' என்ற கட்டுரையில் விளக்கினார். ஒருவரின் குரல் உலகம் முழுவதும் எட்டும்போது, சற்றே சிறந்தவர் சற்றே கூடுதலாகப் பெறுவதில்லை. சந்தையின் பெரும்பகுதியையே பெற்றுவிடுகிறார். மீதமுள்ளோர் எஞ்சியதைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஆக, முதல் இசைத்தொகுப்பு சோறு போடாது. மேடைதான் போடும். மேடைக்கும் ஒரு சங்கடம் உண்டு. வில்லியம் பாமலும் வில்லியம் பொவெனும் 1966-இல் நிகழ்த்துகலைகள் பற்றிய நூலில் அதைச் சுட்டிக்காட்டினர். ஆலையில் ஒரு தொழிலாளியின் உற்பத்தித்திறன் ஆண்டுதோறும் உயரலாம். ஐவர் சேர்ந்து ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டிய கச்சேரிக்கு இன்றும் ஐவரும் ஒரு மணி நேரமும் தேவை. வாடகையும் வண்டிச் செலவும் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

பிறகு ஏன் விற்கக் கூடாது?

"வருமானமே வராது என்கிறீர்கள். அப்படியானால் இரண்டரை லட்சத்துக்குக் கொடுத்துவிடுவதுதானே புத்திசாலித்தனம்?" என்று மாணவர் மடக்கினார். நியாயமான கேள்வி. விடை, பதிவு என்ற சொத்தின் இயல்பில் இருக்கிறது. அதன் மதிப்பை வெளியீட்டு நாளில் யாராலும் அளக்க முடியாது.

ப்ளூஸ் இசையின் வரலாறே இதற்குச் சாட்சி. மிசிசிப்பிப் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் ஜான்சன் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் டெக்சஸ் மாநிலத்தில் இரண்டே முறை ஒலிப்பதிவுக்கு அமர்ந்தார். பதிவானவை 29 பாடல்கள். 1938-இல், 27 வயதில் இறந்துபோனார். வாழ்ந்த காலத்தில் பெரும்புகழ் எதையும் காணவில்லை. அவருடைய பதிவுகளின் முழுத்தொகுப்பு 1990-இல் வெளியானபோது அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. கிராமி விருதும் பெற்றது. சொத்துக்கு உயிர் வந்தபோது அதைப் படைத்தவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. அக்காலத்துக் கறுப்பின இசைஞர்கள் பலர் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கைமேல் காசு வாங்கிக்கொண்டு, உரிமத்தொகை என்ற ஒன்று இருப்பதே அறியாமல் திரும்பியவர்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் குழு ப்ளூஸையும் நாட்டார் இசையையும் ராக் இசையோடு பிணைத்துப் பெரும்புகழ் பெற்றது. அதன் முதல் தொகுப்பு 1968-இன் பிற்பகுதியில் லண்டனில் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் பதிவானது. செலவு 1,782 பவுண்டு என்று சொல்லப்படுகிறது. கொடுத்தவர் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ், தம் சொந்தப் பணத்தில். முடித்த ஒலிநாடாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் அமெரிக்க நிறுவனத்தோடு பேரம் பேசினார்கள். கடன்பட்டவராக அல்லாமல் சொத்துடையவராகப் பேசியதால், பெரும் முன்பணமும் கிடைத்தது. இசையில் நிறுவனம் தலையிடாத சுதந்திரமும் கிடைத்தது.

நம் நாட்டில் இந்தியன் ஓஷன் குழுவின் பாதையைப் பார்க்கலாம். 1990-இல் டெல்லியில் உருவான இக்குழுவின் முதல் தொகுப்பு 1993-இல் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியே வெளிவந்தது. அதன்பின் அவர்களை நிலைநிறுத்தியது மேடைதான். அவர்களுடைய இரண்டாவது தொகுப்பே 1997-இல் டெல்லியில் நடந்த ஒரு நேரடிக் கச்சேரியின் பதிவு. 2010-இல் அவர்கள் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். தாங்கள் பயிற்சி செய்துவந்த பழைய வீட்டின் முகவரியையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பின் ஏழு பாடல்களையும், மாதம் ஒன்றாக, இணையத்தில் இலவசமாகத் தந்தார்கள். பாடல் இலவசம், கச்சேரிக்குக் கட்டணம். இது தர்மம் அன்று, நல்ல பொருளியல். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கொடுப்பதற்கும் அது முதலில் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

என் முதல் புத்தகம்

இதையெல்லாம் நூல்களிலிருந்து மட்டும் சொல்லவில்லை. 1989-இல், இளம் விரிவுரையாளராக இருந்தபோது, கல்லூரி மாணவர்களுக்காக நுண்பொருளியல் பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதினேன். இரண்டு கோடை விடுமுறைகள் அதில் கழிந்தன. பதிப்பாளர் ஒருவர் மூவாயிரம் ரூபாய் தந்து, ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்று அது என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். தொகையைப் பார்த்தேனே தவிர, தாளை முழுதும் படிக்கவில்லை. 'நம் புத்தகம் நாலு மாணவர் கையில் இருக்கும்' என்று அன்று நானும் நினைத்தேன்.

புத்தகம் பல பதிப்புகள் கண்டது. பாடத்திட்டம் மாறியபோது திருத்தித் தருவதாகச் சொன்னேன், பதில் வரவில்லை. வேறொருவரைக் கொண்டு திருத்திக்கொண்டார்கள். பின்னர் வந்த ஒரு பதிப்பின் அட்டையில் என் பெயர் இரண்டாவது இடத்துக்கு இறங்கியிருந்தது; அதற்கடுத்த பதிப்பில் அது இல்லவே இல்லை. நான் வகுப்பில் சொல்லிவந்த எடுத்துக்காட்டுகள் மட்டும், மண்டியில் வெங்காயம் விற்கும் வியாபாரி உட்பட, அப்படியே இருந்தன. மானியத்தையும் வரியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன், தன் சொத்தின் மதிப்பைப் போடத் தெரியாமல் விற்றிருக்கிறேன். மூவாயிரம் குறைவு என்பதன்று என் வருத்தம். தவறான பகுதிகளைத் திருத்தும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போனதே என்பதுதான்.

மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை.

பாடிக் கொடுத்தவர் பெயர் எங்கே?

அதன்பின் தொகுப்பைக் கேட்கச் சொன்னார். ஐந்தாவது பாடல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வயலில் நாற்று நடும் பெண்கள் பாடும் பாட்டு. அதன் மெட்டை மாற்றாமல், அடியில் ப்ளூஸ் கிட்டாரை மெல்ல ஓடவிட்டிருந்தார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தாயாரின் ஊரில் உறவுமுறைப் பாட்டி ஒருவர் பாடிக் காட்டியதாகவும், கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்து பழகியதாகவும் சொன்னார். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது பாடலுக்கு எதிரே 'பாரம்பரியப் பாடல்; இசை அமைப்பு: குழுவினர்' என்று இருந்தது.

"பாட்டி உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார் சார். எழுபத்தெட்டு வயது."

"பிறகு ஏன் அவர் பெயர் இதில் இல்லை?"

அவர் எதையும் மறைக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. 'பாரம்பரியம்' என்ற சொல்லில் உள்ள ஆபத்து இதுதான். சற்றுமுன் பாராட்டிய லெட் செப்பலினின் அதே முதல் தொகுப்பில், 'பாரம்பரியப் பாடல்' என்று அச்சிடப்பட்ட பாடல் ஒன்று உண்டு. ஜிம்மி பேஜ் அதை ஜோன் பயஸ் பாடிய பதிவில் கேட்டிருந்தார். உண்மையில் அதை 1950-களில் எழுதியவர் ஆன் பிரெடன் என்ற அமெரிக்கப் பெண்மணி. தம் பாடலை உலகப் புகழ் பெற்ற குழு பாடியிருப்பது 1980-களில்தான் அவருக்குத் தெரியவந்தது. 1990 முதல் அவர் பெயரும் சேர்க்கப்பட்டு, உரிமத்தொகையும் தரப்பட்டது. அதே குழுவின் இன்னொரு புகழ்பெற்ற பாடல் தம்முடையதிலிருந்து எடுக்கப்பட்டது என்று சிகாகோவின் ப்ளூஸ் இசைஞர் வில்லி டிக்சன் 1985-இல் வழக்குத் தொடுத்தார். 1987-இல் அது சமரசத்தில் முடிந்தது. தம் பதிவைத் தாமே காத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், பிறர் பாட்டை ஆளில்லாத சொத்தாக எண்ணிவிட்டார்கள்.

நம் சட்டத்தில் நாட்டார் பாடல்களுக்கென்று தனிப் பாதுகாப்பு இல்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பு இது பற்றிப் பேச 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு குழுவை நிறுவியது; பேச்சு இன்னும் தொடர்கிறது. எனவே, அந்த நடவுப் பாட்டுக்குப் பாட்டியின் பெயரைப் போட வேண்டுமென்று எந்த நீதிமன்றமும் என் மாணவரைக் கட்டாயப்படுத்தாது. ஆனால், 'எங்கள் உழைப்பு, எங்கள் பெயர், எங்கள் பங்கு' என்று நிறுவனத்திடம் கேட்பவர்கள், அதே மூன்றையும் தங்களுக்குப் பாட்டுக் கொடுத்தவருக்குத் தர மறுத்தால், அந்தக் கோரிக்கையில் நியாயம் மிஞ்சாது.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். ஐவரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். உரிமையை விற்கப்போவதில்லை; ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் ஒலிப்பதிவை வெளியிடும் உரிமம் தருகிறோம் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பதில் வரவில்லை; வராமலும் போகலாம். அப்படியானால் தாங்களே வெளியிடுவார்களாம். சீட்டுத் தவணையை மேடைக் கட்டணத்தில் அடைக்க வேண்டும். அது எளிதன்று, எவ்வளவு காலம் ஆகும் என்று போட்டுப் பார்த்து நானே அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாவது பாடலின் வருவாயில் பாதியைத் தருவதாகப் பாட்டியிடம் சொல்லப் போயிருக்கிறார். "அது என் பாட்டு இல்லையே, என் மாமியார் பாடுனது. அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்களோ" என்றாராம் அவர். ஒரு நாட்டார் பாடலின் உரிமையாளர் யார் என்ற சிக்கலை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வேட்டிலும் நான் படித்ததில்லை. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் நம்மால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கடைசிக் கண்ணி யார் என்பது தெரியும். அவருடைய பெயரையும், அவர் சொன்னபடி அவர் மாமியாரின் பெயரையும், அட்டையில் அச்சிடுகிறார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு இருக்கக்கூடும். செயலியில் அவர்கள் பாடலைக் கேட்பது நல்லதுதான். ஆயிரத்தைத் தாண்ட உதவும். அதைவிட, அவர்கள் கச்சேரிக்குப் பணம் கொடுத்து ஒரு நுழைவுச்சீட்டு வாங்குங்கள். தெரிந்தவர் என்பதால் இலவசச் சீட்டுக் கேட்காதீர்கள். தொகுப்பு கையில் கிடைத்தால் அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். யார் எழுதியது, யார் தயாரித்தது, யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள்.

அடுத்த மாதம் ஒரு சிறிய அரங்கில் வெளியீட்டுக் கச்சேரி. எனக்கும் மனைவிக்குமாக இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கிவிட்டேன். மாணவர் பணம் வேண்டாம் என்றார். வாங்கிக்கொள்ளாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.